கண்ணாடிக் கடைக்காரரின் டர்போ பைப்

அந்தத் தெருவில் போய் அவருடைய அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'நானே' என்று கேட்டால் உடனே கைகாட்டி விடுவார்கள். மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறதல்லவா, அதற்குள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, யாராவது தவறிப்போய் டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்தாமல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். உதவிக்கு யார் வந்தாலும், எந்த வேலையானாலும், "விடுங்க, நானே பாத்துக்கறேன்" என்பார். பட்டப்பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அவரே பார்த்துக்கொண்டதற்கான அத்தாட்சிகள் வீடு முழுக்கக் கிடந்தன. குளியலறையில் சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திருகினால் பச்சைத் தண்ணீர் வரும், நீலப் புள்ளியைத் திருகினால் தோல் வழன்றுவிடும். ஹாலில் அவர் மாட்டிய மின்விசிறி சுற்றும்போது தலையைத் தலையை ஆட்டும். அதற்கு நேர் கீழே யாரும் நாற்காலி போடுவதில்லை. அழைப்பு மணியை அவர் பழுது பார்த்த நாளிலிருந்து, வாசலில் ஆள் நின்று எவ்வளவு அழுத்தினாலும் அது அடிக்காது. ஃபிரிஜ்ஜைத் திறந்தால் அடிக்கும். வேலை செய்கிறதா இல்லையா என்று அவர் கேட்பார். செய்கிறதுதான், யார் இல்லை என்றார்கள்?

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக் கார் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. அதுவும் எப்போது? அவர் மனைவிக்குப் பதவி உயர்வு வந்த அதே மாதத்தில்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதிக் கொடுத்துப் பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் அளந்துதான் பேசுவார். புதுப் பதவி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடம் முழுவதற்கும் பொறுப்பு. அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை, சேர வேண்டும். பஸ் இருக்கிறது, அது இவர் வேலை தொடங்கிய பிறகு அங்கே போய்ச் சேரும், வேலை முடிவதற்கு முன்னால் அங்கிருந்து கிளம்பிவிடும். அந்த நேர அட்டவணையைப் போட்டவர் நம் ஆளுக்கு ஏதாவது ஒருவகையில் சொந்தமாக இருக்க வேண்டும்.

உத்தரவைக் காட்டிய அன்றே மனைவி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "கார் நல்லபடியா இருந்தா தினமும் போய்ட்டு வந்துடுவேன். இல்லேன்னா அங்கயே ஒரு ரூம் எடுத்துக்கறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தா திங்கக்கிழமை காலைல போகணும். என்ன சொல்றீங்க?"

இங்கேதான் நம் ஆள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.  ஒரே மகள் படிக்கப் போன ஊரிலேயே வேலையும் தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவளைக் குடிவைப்பதற்காக மனைவி ஒருமுறை போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். அந்த ஒரு வாரம் இவர் பட்ட பாடு வெளியில் யாருக்கும் தெரியாது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ரொட்டியைத் தின்றார். டீவியை அணைக்கவேயில்லை. கக்கூஸுக்குப் போனால்கூட, சத்தம் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தார். இனி வாரா வாரம் அப்படித்தான் என்றால்? போய் ருசி கண்டுவிட்டு வெள்ளிக்கிழமையும் வராமல் போய்விட்டால்? இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு, மனிதர் வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா?

"காரை நானே பாத்துக்கறேன்."

 மனைவி உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, முதலில் மெக்கானிக்கிடம் போனார். மனைவி கூட உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொன்னதால் போனார். அந்த மெக்கானிக் ஒரு தினுசு. சாவுச் செய்தி சொல்வதற்கென்றே பிறந்தவர்போல, பானெட்டைத் திறந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். விரலால் பைப்பைத் தடவி, ஆயிலை முகர்ந்து பார்த்து, "டர்போ போச்சு சார்" என்றார். இதோடு மலை ஏறினால் என்ஜினும் போய்விடும், புதிதாக டர்போ வரவழைக்கப் பல வாரம் ஆகும், அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். பல வாரம் என்றதும் நம் ஆள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். டீசல் என்ஜினில் ஆயில் ஆவி கொஞ்சம் எப்போதும் காற்றோடு கலந்து, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வழியாகப் போகும். டர்போவிலிருந்து காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் தடித்த பைப்பில் அது படியும். அந்த பைப் மாட்டும் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது சூட்டில் இறுகிப்போனால் ஆயில் கசியும். டர்போவின் அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கல்லு மாதிரி நின்றது. ஆக, டர்போ நன்றாக இருக்கிறது; மாற்ற வேண்டியது கட்டை விரலில் மாட்டிச் சுழற்றக்கூடிய ஒரு வளையம். மெக்கானிக்குக் காது குத்தத் தன் காதுதான் கிடைத்ததா என்று அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மனைவியிடம் இதை விளக்கியபோது தோள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

ஆனால் அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மனிதருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போய் வெகு காலம் ஆகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டுவிட்டவர் கண்ணாடி போடுவதில்லை. தன் கண்ணுக்கு எத்தனை பவர் வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே சோதித்தும் பார்த்திருக்கிறார். ஆனால் போட மாட்டார். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து, பேப்பர் படிக்க முடியவில்லை என்று கூச்சத்தோடு இழுத்தால், "நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான், இதுல வெக்கப்பட என்ன இருக்கு" என்று தேன் ஒழுகப் பேசுவார். அப்படிப் பேசிக்கொண்டே, லென்ஸ் உறையில் இருக்கும் எண்ணைக் கையை நீட்டி, இன்னும் நீட்டி, கை போதாமல் கடைசியில் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிப்பார். கேட்டால் ரெக்கார்டுக்காகப் படம் எடுப்பதாகச் சொல்வார். மேசையில் வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒருநாள் ஒரு ஃபிரேமைப் போட்டுப் பார்த்தாராம். உள்ளே ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்குக் கழற்றி வைத்ததுதான்.

மனைவிக்கு இது தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு, எதிரில் உட்கார்ந்து மருந்துச் சீட்டைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் எட்ட வைத்துப் படிப்பவர் தெரிய மாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, மனிதர் மல்லாந்து உள்ளே போனார். டார்ச் பிடிக்கட்டுமா என்று மனைவி கேட்டதற்கு வழக்கமான பதில்தான் கிடைத்தது. கம்பி கிளிப்பை நெம்பி பைப்பை இழுத்தார். உள்ளே தேங்கியிருந்த ஆயில் கொட்டியது. கைக்கு அகப்பட்ட கிண்ணத்தில் பிடித்தார். அது கிண்ணம் இல்லை, மனைவி தினமும் காபி குடிக்கும் பெரிய பீங்கான் கப். அது வேறு கதை.

பைப்பின் வாய்க்குள் ஒரு பள்ளம் இருந்தது. பழைய வளையம் அதில்தான் இருக்க வேண்டும். அவர் கண்ணுக்குக் கறுப்பாக மொழுமொழுவென்று ஒரு குழாய்தான் தெரிந்தது. விரலால் தடவினார், ஆயிலில் வழுக்கியது. ஆக, பழைய வளையம் இற்றுப்போய் எங்கேயோ விழுந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, வாங்கி வைத்திருந்த புது வளையத்தை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். பைப் முழுதாக உள்ளே போக மறுத்தது. புது ரப்பர், முரண்டு பிடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு காலால் உதைத்து ஏற்றினார். கிளிப் அரையும் குறையுமாக உட்கார்ந்தது. 'டக்' என்று சத்தம் கேட்டதாகப் பின்னால் சத்தியம் செய்தார்.

முன்பு சொட்டுச் சொட்டாக ஒழுகியது, இப்போது கோடு போட்டு ஒழுகியது. அதோடு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசில் சத்தம், பின்னால் கறுப்புப் புகை, வண்டியில் இழுவையே இல்லை. சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் விவரித்தால் அந்த பைப்புக்கே கண்ணீர் வரும். ஒருநாள் பசையைப் பூசி மெழுகினார். அடுத்த நாள் அதன்மேல் இரும்புப் பட்டை போட்டு முறுக்கினார். அதுவும் சரிப்படாமல், தன் கம்பளிக் காலுறை ஒன்றை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டினார். தினமும் காலையில் காருக்கு அடியில் ஃபிரேம்கள் வரும் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, சாயங்காலம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முந்தின நாள் அட்டையோடு ஒப்பிட்டு, கறை சிறுத்திருக்கிறது என்று அறிவிப்பார். மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கறை அட்டையைத் தாண்டித் தரைக்குப் போய்விட்டதால் அட்டையில் சிறிதாகத் தெரிகிறது என்றார். அவர் பெரிய அட்டை தேடப் போனார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மைத்துனன் வேறு. மனைவியின் தம்பி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறான். அக்காவுக்கு ரூம் பார்த்துவிட்டான். சும்மா பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. படம் படமாக அனுப்பினான். காற்றோட்டம், பால்கனி, எதிரில் மரம். "குழாயில சுடுதண்ணி சுடுதண்ணியாவே வருதுக்கா" என்று குரல் பதிவு வேறு. நம் ஆளுக்கு ஆயில் கறையைவிட அந்தப் பால்கனிதான் கண்ணை உறுத்தியது. படத்தை மனைவி காட்டும்போதெல்லாம் ஈரம் இருக்கும், பூச்சி வரும், மாடி ஏறி ஏறி முட்டி போய்விடும் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். போகாதே என்ற ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. 

கடைசி ஞாயிறும் வந்துவிட்டது. மறுநாள் வேலையில் சேர வேண்டும். ஹாலில் மனைவியின் பெட்டி பாதி திறந்தபடி கிடந்தது. அதில் என்ன அடுக்கியிருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. ரூமை வேறு யாரோ கேட்கிறார்களாம், சாயங்காலத்துக்குள் ஒரு பதில் சொல்லு என்று தம்பி கேட்டிருந்தான். நம் ஆள் விடிந்ததிலிருந்து காருக்கு அடியில் கிடந்தார். காலுறையை அவிழ்த்து, பட்டையைக் கழற்றி, பசையைச் சுரண்டி, பைப்பை மறுபடி வெளியே எடுத்துவிட்டார். எடுத்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மல்லாந்த வாக்கில் மார்பின்மேல் பைப்பை வைத்துக்கொண்டு, சும்மா படுத்திருந்தார். கண் கலங்கியது. ஆயில் பட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மனைவி, கூப்பிடாமல், குனிந்து, ஒரு அட்டையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே தானும் படுத்துக்கொண்டார். டார்ச்சை அவர் கையிலிருந்து எடுத்தார். இந்த முறை மனிதருக்கு 'நானே' என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

பைப்பின் வாயைத் தன் பக்கம் திருப்பி, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு மனைவி கேட்டார். "புது வளையத்துக்குக் கீழே இது என்னங்க, இன்னொண்ணு?"

"இன்னொண்ணெல்லாம் இல்ல. அது பைப்பு."

"பைப்பு இல்ல. ரப்பர். தட்டையாப் போய் ஒட்டிக்கிட்டிருக்கு. ஓரத்துல வெடிச்சுக்கூட இருக்கு."

"நான் தடவிப் பாத்தேனே."

"தடவித்தான் பாத்தீங்க" என்றார் மனைவி. பிறகு தன் மூக்கிலிருந்த சிவப்பு ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றி, அவர் மறுப்பதற்குள், அவர் மூக்கில் மாட்டிவிட்டார். அவரே கடையில் உட்கார்ந்து, காதுக்கு இதமாக வளைத்து, நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான் என்று சொல்லி மனைவிக்குக் கொடுத்த கண்ணாடி அது.

உலகம் திடீரென்று கிட்ட வந்து நின்றது. பள்ளத்துக்குள் பழைய வளையம், இறுகி, விரிசல் விட்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் புது வளையம் ஏறிக்கொண்டு இடமில்லாமல் பிதுங்கியது. இரண்டு வளையம் ஒரு பள்ளத்தில் இருந்தால் பைப் எப்படி உள்ளே போகும்? எத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார், பாவம். விளக்கெண்ணெயை விட்டுவிட்டு ஒரு கண்ணாடியைப் போட்டிருக்கலாம்.

 அவர் எழுந்து உள்ளே போய், வீட்டில் வைத்திருந்த கண்ணாடி ஸ்க்ரூ முடுக்கும் ஊசி முனைத் திருப்புளியை எடுத்து வந்தார். அதை வைத்துப் பழைய வளையத்தை நெம்பி, துண்டு துண்டாக எடுத்தார். பள்ளத்தைத் துடைத்தார். புது வளையத்தில் துளி ஆயில் தடவி வைத்து, பைப்பைத் தள்ளினார். உதைக்கவெல்லாம் தேவையே இல்லை. கிளிப் 'டக்' என்றது. இந்த முறை மனைவிக்கும் கேட்டது.

இருவருமாக மலைச் சாலையில் பாதித் தூரம் ஏறிப் பார்த்தார்கள். மனைவிதான் ஓட்டினார். விசில் இல்லை, புகை இல்லை. வளைவுகளில் வண்டி சிணுங்காமல் இழுத்தது. பக்கத்தில் சிவப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர், தூரத்தில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. கிட்டத்தில் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது, காதோரம் முடி நரைத்திருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்ல முடியாத அளவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து புது அட்டையைப் போட்டுக் காத்திருந்தார்கள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஒரு பொட்டு இல்லை. அப்போது மைத்துனன் போன் வந்தது. ரூம் வேணுமா வேணாமா என்று கேட்கிறான். மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

"என்ன சொல்லட்டும்?"

கார் சரியாகிவிட்டது, பிறகென்ன கேள்வி என்று நீங்களும் நானும் நினைப்போம். அவரும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் மனைவி கேட்டது காரைப் பற்றி இல்லை என்பது, கண்ணாடி போட்டிருந்ததாலோ என்னவோ, அவருக்கே தெரிந்துவிட்டது. உடனே வழக்கம்போல் பைப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்.

"புது ரப்பர் பாரு. சூடு ஏறி இறங்கும். தினமும் சாயங்காலம் ஒரு தடவை பாத்தாகணும். அதனால வண்டி தினமும் இங்க வந்தாகணும்."

"எத்தனை நாளைக்குப் பாக்கணும்?"

"அது… சொல்ல முடியாது. நீ ரிடையர் ஆகிற வரைக்கும்."

"வண்டியத்தான?"

மனிதர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு" என்றார். "நீ போகாத."

போனில் தம்பி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். மனைவி கையை எடுத்து, "ரூம் வேணாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அவர் மூக்கில் சரிந்து கிடந்த கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா," என்றார், "என் காபி கப்பாவது மிஞ்சியிருக்கும்."